மலிவுக் கடைசல் இயந்திரமும் அதனுடன் வாங்க வேண்டியவையும்: திருகோணமலையிலிருந்து ஒரு மதிப்பீடு

மரங்கடையும் வேலையைப் பொழுதுபோக்காகத் தொடங்க விரும்புகிறவர்கள் முதலில் கேட்பது, ஒரு இலட்சம் ரூபாவுக்குள் கிடைக்கும் கடைசல் இயந்திரத்தை நம்பி வாங்கலாமா என்பதைத்தான். வாங்கலாம் என்பதே என் பதில். ஆனால், கையிலுள்ள பணம் முழுவதையும் இயந்திரத்துக்கே கொடுத்துவிட்டு, உளியையும் சாணையையும் முகக்கவசத்தையும் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று இருப்பவர் அந்த இயந்திரத்தை வாங்காமலிருப்பதே நல்லது. ஒதுக்கிய தொகையில் பாதிக்கு மேல் இயந்திரத்துக்குப் போகக்கூடாது. மீதிப் பாதியில்தான் உங்கள் கண்ணும் விரலும் நுரையீரலும் அடங்கியிருக்கின்றன.

நான் வாங்கியது, கொழும்பிலுள்ள இறக்குமதியாளர் ஒருவரிடம் இணையவழியாகப் பதிவுசெய்து கூரியரில் வரவழைத்த சீனத் தயாரிப்பு. விலை 84,000 ரூபா. கூரியர் கட்டணம் தனி. இதே உறுப்புகளைக் கொண்ட இயந்திரம் வெவ்வேறு நிறம் பூசப்பட்டு, வெவ்வேறு பெயர்களில் பல நாடுகளில் விற்கப்படுவதால், என்னுடையதில் ஒட்டியிருந்த பெயரைச் சொல்வதால் யாருக்கும் பயனில்லை. இரு முனைகளுக்கும் இடையே 1000 மில்லிமீற்றர் நீளம், கடையக்கூடிய விட்டம் அதிகபட்சம் 350 மில்லிமீற்றர், 370 வாட் மோட்டார், பெல்ட்டைக் கையால் மாற்றிப் பெறும் நான்கு வேகங்கள் (நிமிடத்துக்கு 810, 1180, 1700, 2480 சுற்றுகள்) என்பன அதன் விபரங்கள். மரத்தைக் குத்திப் பிடிக்கும் நான்கு பல் முனை, திருகாணியால் மரத்தை இறுக்கும் வட்டத்தகடு, உளித்தாங்கி, ஒரு சாவி ஆகியவை பெட்டிக்குள் இருந்தன. மரத்தைக் கவ்விப் பிடிக்கும் நான்கு தாடைச் சக் தனியாக வாங்க வேண்டியது. அதை வாங்கும்போது, அது திருகி ஏறும் சுழல்தண்டின் புரி அளவைக் கட்டாயம் பார்க்க வேண்டும். என் இயந்திரத்தில் முக்கால் அங்குலம், அங்குலத்துக்கு 16 புரி. ஐரோப்பியச் சந்தைக்கான இயந்திரங்களில் பெரும்பாலும் 33 மில்லிமீற்றர். அமெரிக்க வழியில் வருபவற்றில் ஒரு அங்குலம், 8 புரி. புரி பொருந்தாத சக் ஒன்றை எந்தக் கடைக்காரரும் மனமுவந்து திருப்பி எடுப்பதில்லை.

இயந்திரத்தின் அடித்தளம் வார்ப்பிரும்பு அல்ல. மடித்த இரும்புத் தகடு. விலை குறைந்ததற்கான காரணம் இதுவே. குறைகளில் பாதிக்குக் காரணமும் இதுவே. பொருத்தி முடித்ததும் எவரும் முதலில் செய்ய வேண்டிய சோதனை ஒன்று உண்டு. மரத்தின் மறுமுனையைத் தாங்கும் டெயில்ஸ்டொக்கை, மரத்தைச் சுழற்றும் ஹெட்ஸ்டொக்குக்கு அருகே நகர்த்தி, இரண்டு கூர்முனைகளும் ஒன்றையொன்று தொடும் இடத்தில் கண்ணை வைத்துப் பார்க்க வேண்டும். அவை அச்சொட்டாகச் சந்திக்க வேண்டும். என்னுடையதில் டெயில்ஸ்டொக்கின் முனை ஏறத்தாழ ஒரு மில்லிமீற்றர் தாழ்ந்து நின்றது. பால்மா டின்னின் தகட்டைக் கத்தரித்து, இரண்டு மடிப்பாக அதன் அடியில் செருகி இறுக்கியதும் முனைகள் நேராகின. நீளமான கட்டில் காலையோ மேசைக் காலையோ கடைவதற்கு இந்தத் திருத்தம் போதும். டெயில்ஸ்டொக்கில் துளைக்கருவியைப் பொருத்தி நடுவே துளையிடுவதற்கு இது போதாது. அந்த வேலையை இந்த இயந்திரத்தில் எதிர்பார்க்க வேண்டாம்.

அதிர்வு அடுத்த குறை. தகட்டு அடித்தளம் இலேசானது என்பதால், சமநிலையில்லாத மரத்துண்டைச் சுழலவிட்டால் இயந்திரம் மேசையோடு சேர்ந்து நடக்கத் தொடங்கும். கூடவே வந்த கால்களைப் பொருத்தாமல், பழைய பாலை மரச் சட்டங்களில் அடித்த கனமான மேசையில் நான்கு போல்ட் போட்டு இறுக்கி, மேசையின் கீழ்த்தட்டில் உரப்பைகளில் மணல் நிரப்பி வைத்த பின்னரே அது அடங்கியது. மணல் என்றதும் நம்மூரில் கடற்கரைக்குத்தான் கால் போகும். அந்த உப்பு மணலை இயந்திரத்துக்குப் பக்கத்தில் வைத்தால் துருவை வீட்டுக்கு அழைத்து வந்ததாகவே முடியும். ஆற்று மணலே பொருத்தம். கடற்காற்று எந்த நேரமும் வீசும் ஊரில், வேலை முடிந்ததும் அடித்தளத்தையும் சுழல்தண்டையும் துடைத்து மெழுகோ மெஷின் எண்ணெயோ பூசாவிட்டால், வாரக் கணக்கில் அல்ல, நாட்கணக்கில் செம்புள்ளிகள் தோன்றிவிடும். உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் கடலோரத்தில் வீடு உள்ளவர்கள் இதை மிகையென்று நினைக்க மாட்டார்கள்.

வேகம் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஏனென்றால் விற்பவர்கள் இதைச் சொல்வதில்லை. கடைசல்காரர்களிடையே வழங்கும் ஒரு கணக்கு உண்டு: மரத்தின் விட்டத்தை அங்குலத்தில் எடுத்து, நிமிடச் சுற்றுகளால் பெருக்கினால், விடை 6000க்கும் 9000க்கும் இடையில் இருக்க வேண்டும். வட்டமாகாத, ஒரு பக்கம் கனத்த மரத்துக்கு 6000ஐ ஒட்டியும், சீராகிவிட்ட மரத்துக்கு 9000 வரையிலும் போகலாம். இந்த இயந்திரத்தின் ஆகக்குறைந்த வேகம் 810. அதன்படி கரடுமுரடான மரத்தில் ஏழரை அங்குலத்துக்கு மேல் இதில் ஏற்றக்கூடாது. சீரான மரமென்றால் பதினொரு அங்குலம் வரை தாங்கும். அப்படியிருக்க, பெட்டியின் மேல் 350 மில்லிமீற்றர், அதாவது கிட்டத்தட்ட 14 அங்குலம் என்று அச்சிட்டிருக்கிறார்கள். அந்த அளவு மரம் இயந்திரத்துக்குள் இடிக்காமல் சுற்றும் என்பது உண்மை. ஆனால் 810 சுற்றில் அதன் விளிம்பு மணிக்கு 53 கிலோமீற்றர் வேகத்தில் ஓடும். அதில் ஒரு துண்டு தெறித்தால் அதே வேகத்தில்தான் புறப்படும். ஆகவே பெரிய கிண்ணங்களும் தட்டங்களும் கடையும் ஆசையுடன் இதை வாங்குகிறவர் ஏமாந்துபோவார். அவர் இன்னும் பணம் சேர்த்து, 200, 300 சுற்றுகள் வரை வேகத்தைக் குறைக்கக்கூடிய, வார்ப்பிரும்பு அடித்தளமுள்ள இயந்திரத்தையே பார்க்க வேண்டும். மாறாக, தயிர் மத்து, ரொட்டிக்கட்டை, பம்பரம், அகப்பைக் காம்பு, உளிப்பிடி, தொட்டில் கால் முதலியவற்றுக்கு இந்த நான்கு வேகங்களும் தாராளம். தொடங்குகிறவருக்குக் கையை வசப்படுத்தித் தருவதும் இந்த நீள்வாக்கு வேலைகளே.

மின்சாரம் தொடர்பாக ஒரு நல்ல செய்தியும் ஒரு கெட்ட செய்தியும் உண்டு. நல்ல செய்தி, சுவிட்ச். மின்வெட்டு ஏற்பட்டு மீண்டும் மின்சாரம் வரும்போது தானாக ஓடத் தொடங்காமல், பச்சைப் பொத்தானை மறுபடி அழுத்தினால்தான் ஓடும் வகைச் சுவிட்ச் இதில் இருக்கிறது. 2022ஆம் ஆண்டில் ஒரு நாளுக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டைப் பார்த்த நாட்டில் இதன் அருமையை விளக்கத் தேவையில்லை. இதைவிட மலிவான சில இயந்திரங்களில் சாதாரண மின்விசிறிச் சுவிட்ச் போன்ற ஒன்றையே வைத்திருக்கிறார்கள். அவற்றை என்ன விலைக்குக் கொடுத்தாலும் தவிர்க்க வேண்டும். கெட்ட செய்தி, மோட்டாரின் இணைப்புப் பெட்டிக்குள் நில இணைப்புக் கம்பியின் திருகாணி தளர்ந்திருந்தது. பயன்படுத்தத் தொடங்குமுன் மின்னியலாளர் ஒருவரிடம் காட்டி, அந்த இணைப்பையும் வீட்டின் ட்ரிப் சுவிட்ச் ஒழுங்காக விழுகிறதா என்பதையும் பார்த்துக்கொள்வது நல்லது.

உளிகளுக்கு வருவோம். இத்தகைய இயந்திரங்களுடன் சலுகையாகச் சேர்த்து விற்கப்படும் உளித்தொகுதி பெரும்பாலும் சாதாரணக் காபன் உருக்கு. அதைச் சாணையில் பிடித்துப் பார்த்தாலே தெரியும்: வெண்மஞ்சள் நிறத்தில் பூப்போல விரியும் பொறிகள் பறந்தால் அது காபன் உருக்கு, மங்கிய செம்மஞ்சள் நிறத்தில் குறைவான பொறிகள் வந்தால் அதிவேக உருக்கு. காபன் உருக்கு கூரான வாயைத் தரும், ஆனால் சாணையில் சூடேறி நீலம் பாய்ந்தால் அந்த இடம் மிருதுவாகிவிடும்; நீலம் போகுமட்டும் தேய்த்துத் தள்ள வேண்டும். அதிவேக உருக்கு அந்தச் சூட்டைப் பொருட்படுத்தாது. தொடங்குகிறவருக்கு எட்டு உளிகள் தேவையில்லை. உருட்டுவதற்கு அகன்ற குழியுளி ஒன்று, வளைவுகளுக்கு ஒடுங்கிய குழியுளி ஒன்று, வெட்டிப் பிரிக்கும் உளி ஒன்று, பழகிய பின் சாய்வாயுளி ஒன்று என நான்கையும் அதிவேக உருக்கில் வாங்கினால் போதும். அகன்ற குழியுளியைக் கிண்ணத்தின் உட்புறத்தில் ஒருபோதும் இறக்கக்கூடாது என்பதை மட்டும் இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். அதன் வால் பிடிக்குள் நுழையும் இடத்தில் மெல்லியது. நார் குறுக்காக ஓடும் கிண்ண மரத்தில் உளியின் வாய் மாட்டிக்கொண்டால் அந்த இடத்தில்தான் முறியும். நம்மூர்க் கொல்லர்கள் லொறியின் ஸ்பிரிங் பட்டையிலிருந்து அடித்துத் தரும் உளிகளைக் கடைசல் ஓடாவிகள் இன்றும் பயன்படுத்துகிறார்கள். தச்சு வேலைக்கு அவை அருமையானவை, கடைசலுக்கும் உதவும், ஆனால் அடிக்கடி சாணை பிடிக்கப் பொறுமை வேண்டும்.

ஆறு அங்குலச் சாணை இயந்திரம் நகரத்து ஹார்ட்வெயார் கடைகளிலேயே கிடைக்கிறது. அதனுடன் வரும் சாம்பல் நிறக் கல் கரடானது, உளியைச் சுடவைக்கும். வெள்ளை அலுமினியம் ஒட்சைட்டுக் கல் ஒன்றைத் தனியாக வாங்கி மாற்ற வேண்டும். உளியை ஒரே கோணத்தில் பிடிப்பதற்கான தாங்கியைப் பலகைத் துண்டில் நாமே செய்துகொள்ளலாம். இந்தச் செலவைத் தவிர்க்கப் பார்க்கிறவர்கள்தான் இயந்திரத்தைக் குறை சொல்கிறார்கள். வேப்பமரத் துண்டு ஒன்றைப் பூட்டி, கூரான குழியுளியின் முதுகை முதலில் மரத்தில் உரசவிட்டு, பிடியை மெல்ல உயர்த்தினால், வாய் மரத்தைத் தொடும் கணத்தில் ஈரமான சுருள்கள் உளியின் குழி வழியே கையின் மேல் நீளமாக வழியும். சத்தமும் தணிந்து சீராக இருக்கும். அதே உளி மழுங்கிவிட்டால் சுருள் நின்று தூள் பறக்கும், மரம் கீச்சிடும், கை தானாகவே அழுத்தத் தொடங்கும். அந்த அழுத்தத்தில்தான் உளி மாட்டிக்கொண்டு எகிறுகிறது. ஆகவே சாணையை நான் பாதுகாப்புச் சாதனங்களின் கணக்கிலேயே சேர்க்கிறேன்.

முகக்கவசத்தைப் பற்றி. கொரோனாக் காலத்தில் வாங்கி வீட்டில் மிஞ்சிக் கிடக்கும் மெல்லிய பிளாஸ்டிக் தகடு எச்சிலைத் தடுப்பதற்கானது, மரத்துண்டைத் தடுக்காது. கடைசலுக்கு வேண்டியது மோதலைத் தாங்கும் பொலிகாபனேற் முகத்தகடு. ஐரோப்பியத் தரமான ஈ.என். 166இன்படி தகட்டில் ஒரு எழுத்து பொறிக்கப்பட்டிருக்கும். எஃப் என்றால் ஆறு மில்லிமீற்றர் உருக்குக் குண்டு வினாடிக்கு 45 மீற்றர் வேகத்தில் மோதுவதையும், பி என்றால் 120 மீற்றர் வேகத்தில் மோதுவதையும் அது தாங்கும். சாதாரணக் காப்புக் கண்ணாடிக்கு எஃப் தரம் வரையே கிடைக்கும். முழு முகத்தகட்டில் பி தரத்தைப் பார்த்து வாங்கலாம். அமெரிக்க முறையில் இசட் 87 என்பதோடு கூட்டல் குறியும் இருக்க வேண்டும். நான் வாங்கிய பி தர முகத்தகடு 6,500 ரூபா. நெற்றிப் பட்டி உறுதியாக இருக்கிறது, பார்வை தெளிவாக இருக்கிறது, தகட்டை மட்டும் மாற்றக்கூடிய வசதியும் உண்டு. குறையென்றால் வெக்கையும் ஈரப்பதனும் நிறைந்த நம்மூரில் முகமூடியோடு சேர்த்து அணியும்போது உட்புறம் புகைமூட்டமாகிவிடுவதுதான். மூச்சு வெளியேறும் வால்வு உள்ள முகமூடியை அணிந்து, பின்பக்கமிருந்து மின்விசிறி காற்று வீசும்படி நின்றால் பெருமளவு தெளியும். இருந்தாலும், சிறு குண்டுகளை வைத்துச் சோதித்த தகடு இரண்டு கிலோ கிண்ணம் பிளந்து பறப்பதைத் தடுத்துவிடும் என்று எண்ணலாகாது. இயந்திரத்தை முடுக்கும்போது மரம் சுற்றும் நேர்கோட்டிலிருந்து விலகி நிற்பதே அதற்குக் காப்பு.

தூசியைப் பலரும் இலேசாக எடுத்துக்கொள்கிறார்கள். மரத்தூசியை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருட்களின் முதலாம் பிரிவில், உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆராய்ச்சி முகவரகம் 1995இலேயே சேர்த்துவிட்டது. சுருள்கள் பறக்கும்போது ஆபத்துக் குறைவு. சாண்ட் பேப்பர் போடும்போது எழும் கண்ணுக்குத் தெரியாத தூளே நெஞ்சுக்குள் இறங்குவது. என்95 வகை முகமூடி போதும். துணி முகமூடி போதாது. நம் பகுதியில் முதிரையைக் கடைகிறவர்கள் கூடுதல் கவனம் எடுக்க வேண்டும். பட்டுப்போல் மின்னும் அந்த மரத்தின் தூள் தோலில் பட்டால் சிலருக்கு அரிப்பும் கொப்புளமும் வருவது மருத்துவர்கள் அறிந்த விடயம். வேலை முடிந்த கையோடு கையையும் கழுத்தையும் கழுவிவிடுவது நல்ல பழக்கம்.

உடை பற்றி எங்கள் பகுதியில் கடைசல் பட்டறை நடத்தும் மூத்த ஓடாவி ஒருவர், பட்டறைக்குள் காலெடுத்து வைக்கும் இளைஞர்கள் எல்லோருக்கும் ஒரே வாக்கியத்தைத்தான் சொல்வார்: “தம்பி, சாரத்த மாத்திப்போட்டு வாங்கோ, பிறகு மெஷினப் போடுவம்.” சாரம், நீளக்கைச் சட்டை, தோளில் கிடக்கும் துவாய், கழுத்துச் சங்கிலி, கோயிலில் கட்டிய கைநூல், மோதிரம் எல்லாம் சுழலும் மரம் பிடித்து இழுக்கக்கூடியவை. கையுறையும் அதே வகையில் சேரும். கையைக் காக்கும் என்று நினைத்துப் பலர் அதை அணிகிறார்கள், ஆனால் அது விரலோடு சேர்ந்து சுற்றிக்கொள்ளும். மினுக்கெண்ணெய் பூசும்போதும் துணியைப் பயன்படுத்தாமல், இழுபட்டால் கிழிந்துவிடும் மெல்லிய கடதாசியையே பயன்படுத்த வேண்டும். செருப்புக்குப் பதில் மூடிய சப்பாத்து. காதுக்குப் பாதுகாப்பு இந்த இயந்திரத்துக்குத் தேவைப்படவில்லை, சாணைக்கு வைத்துக்கொள்ளலாம்.

மரத்துக்குப் பஞ்சமில்லாத மாவட்டம் இது. மரக்காலைகளில் கழிவாகக் கிடக்கும் வேம்பு, தேக்கு, பலாத் துண்டுகள் விறகு விலைக்கே கிடைக்கின்றன. பலாவைப் போன்ற மரங்களைத் தறிப்பதற்கும், மரக்குற்றிகளை வாகனத்தில் ஏற்றிச் செல்வதற்கும் அனுமதிப்பத்திரம் வேண்டும் என்பதால், தொடங்குகிறவர் மரக்காலைத் துண்டுகளோடு நிற்பதே தொல்லையில்லாத வழி. கிடைத்தால் சமண்டலையைக் கட்டாயம் கடைந்து பார்க்க வேண்டும். திருகோணமலை மரம் என்ற பெயரிலேயே வெளிநாட்டு வணிகத்தில் அறியப்பட்டு, ஒரு காலத்தில் சென்னைக் கடற்கரையில் பலகைகளைத் தைத்துச் செய்யும் மசூலாப் படகுகள் கட்டப் போன மரம் அது. நேரான நாரும் வளைந்து கொடுக்கும் குணமும் உள்ளதால் கருவிப் பிடிகளுக்கு அதைவிடப் பொருத்தமானதை நான் கடையவில்லை. பச்சை மரத்தில் கிண்ணம் கடைகிறவர்கள் கச்சான் காற்றுக் காலத்தில் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். சுவரின் தடிப்பு விட்டத்தில் பத்தில் ஒரு பங்கு இருக்கும்படி முதலில் முரட்டாகக் கடைந்து, வெட்டுமுகங்களில் மெழுகு பூசி, அதன் சுருள்களோடே கடதாசிப் பையில் கட்டி, காற்றுப் படாத மூலையில் மாதக்கணக்கில் வைத்த பிறகே இறுதி வடிவம் கொடுக்கலாம். வெளியே வைத்தால் அந்த வறண்ட காற்று இரண்டே நாளில் பிளந்துவிடும்.

விற்பனைக்குப் பிந்திய சேவை இந்தக் கொள்வனவில் மிகப் பலவீனமான பகுதி. உத்தரவாதம் மோட்டாருக்கு மட்டும் ஆறு மாதம். இயந்திரத்தைக் கொழும்புக்கு அனுப்பித் திரும்பப் பெறும் செலவு வாங்கியவருடையது. உளித்தாங்கியை இறுக்கும் கைப்பிடி ஒன்று வார்ப்பிலேயே வெடிப்புடன் வந்ததைப் படமெடுத்து அனுப்பியும் மாற்றுக் கைப்பிடி வரவில்லை. உள்ளூர் லேத் பட்டறையில் இரும்பில் ஒன்று செய்து பொருத்த 900 ரூபா போனது, அது பழையதைவிட நன்றாகவே இறுகுகிறது. பெயாரிங்குகள் பொதுவான அளவு என்பதால், அவற்றில் உள்ள எண்ணைக் காட்டினால் மோட்டார் உதிரிப்பாகக் கடைகளில் எடுத்துத் தருவார்கள். பெல்ட் அப்படியல்ல, அதன் நீளம் இங்கே எளிதில் கிடைக்காத அளவு. இயந்திரத்தைப் பதிவுசெய்யும்போதே மேலதிகமாக ஒரு பெல்ட்டையும் அதே பெட்டிக்குள் வைத்து அனுப்பச் சொல்லிவிட வேண்டும்.